ஏழில் மூன்று பங்கு

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஆரோக்கியநாதன் குளியலறை முக்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். ஒரு கையில் தெர்மாமீட்டர், மறு கையில் கைக்கடிகாரம், வாயில் பென்சில். இந்தக் கோலத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. பார்ப்பதற்கு வீட்டில் மனைவி லூர்தை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று இன்னொன்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. லூர்தை விட்டால் யாருமே இல்லையா என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு என்று மூன்றாவதும் வந்து நின்றது. குன்னூர்க் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து காதைக் கடித்தது. தலைக்குமேல் பரணில் சுடுநீர்த் தொட்டி. இந்த வீட்டை விற்றுவிட்டுப் போன எஸ்டேட் மேஸ்திரி ஏதோ பட்டறையில் சொல்லி அடிக்கவைத்தது அது. உள்ளே செம்பு, சுற்றிலும் அடைத்த மரத்தூள், அதற்கும் வெளியே தகரப் பெட்டி. மரத்தூள் நாலு விரல் கனமா ஒரு முழமா என்று யாருக்குத் தெரியும்? வெளியே அளந்தால் வெளிதான் தெரியும். மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அதில் ஒரு மூடி. கம்பெனித் தொட்டியாக இருந்தால் இத்தனை லிட்டர் என்று நெற்றியில் ஒட்டியிருப்பான். இதற்கு நெற்றியும் இல்லை, பேரும் இல்லை. வாளியால் இறைத்து எண்ணிவிடலாம்தான். வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் ஒரு தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் லூர்து சும்மா இருப்பாளா? எதற்கு என்பாள். அந்த எதற்குக்கு அவரிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தச் சுற்றுவழி. நூலில் கட்டிய தெர்மாமீட்டரை உள்ளே இறக்கி, நிதானமாக எண்ணி, எடுத்துப் பார்த்தார். முப்பது. நேற்று மாலை முப்பத்தைந்து இருந்தது. ராத்திரி முழுக்க யாரும் தொடாமல் ஐந்து டிகிரி இறங்கியிருக்கிறது, கணக்கு சரி. எட்டிச் சுவிட்சைப் போட்டார். மணி ஆறு.

மூவாயிரம் வாட் என்று, தண்ணீரைச் சுடவைக்கிற காயிலின் தலையில் பொறித்திருக்கிறது. நொடிக்கு மூவாயிரம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற நாலாயிரத்து இருநூறு. எத்தனை நொடியில் இருபது டிகிரி ஏறுகிறது என்று பார்த்துவிட்டால் உள்ளே எத்தனை லிட்டர் என்று தொட்டி தானாகச் சொல்லிவிடும். இந்தச் சோதனையை இருபத்தாறு வருடமாக மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் அவர். ஊட்டிக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக அட்டெண்டர். பட்டம் கிடையாது, ஆனால் பட்டம் வாங்கப் போகிறவர்கள் எந்த இடத்தில் தப்புப் பண்ணுவார்கள் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவார். சொல்லவும் சொல்லுவார், அதில் அவருக்கு ஒரு ருசி. லூர்திடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்றால், கேட்டார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை சட்டையைக் கழற்றிக்கொண்டே, ஒன்றும் இல்லாத மாதிரி, "யாராவது வந்தாங்களா இன்னைக்கு?" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாரு வரப்போறா" என்றாள். யாரும் வரவில்லை என்று சொல்லவில்லை, கவனிக்க வேண்டும். யாரு வரப்போறா. இது பதிலா? இல்லை என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்லுகிற பதில். அன்றைக்குக் கொடியில் அந்த நீலத் துண்டு ஈரமாகத் தொங்கியது. மகன் ஜெரால்டின் துண்டு. பதினான்கு மாதமாக வீட்டில் இல்லாதவனின் துண்டு எப்படி ஈரமாகும்? அடுத்த வியாழனும் ஈரம். அதற்கடுத்த வியாழனும். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுகிறானாம், வியாழக்கிழமை அவனுக்கு லீவாம், இதையெல்லாம் யாரோ யாரிடமோ பேசியதைப் பஸ்ஸில் காதில் வாங்கியிருந்தார். காலையில் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் குன்னூர். அப்பன் ஊட்டியில் மேசை துடைத்துக்கொண்டிருப்பான். குளித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு இறங்கிவிடலாம். சோப்பு சீக்கிரம் தேய்கிறது. இரண்டு தம்ளர் கவிழ்த்திருக்கிறது. தண்ணீர் பொய் சொல்லாது என்று அப்போதுதான் தோன்றியது.

நேற்று வியாழன். காலையில் தான் குளித்து முடித்ததும் தொட்டியைப் பார்த்தார், ஐம்பத்தைந்து. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஹீட்டர் ஃபியூஸ் போயிருச்சு லூர்து, கம்பி வாங்கிட்டு வந்து போடறேன், உள்ள இருக்கிற சூடு உனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்லும்போது முகம் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பகல் முழுக்க அந்தக் கட்டை சோற்றுப் பையில் கிடந்து தயிர் வாடை பிடித்துக்கொண்டது. ஆளே எடுக்காமல் இருந்தால் பகல் பொழுதில் ஐந்து டிகிரி இறங்கும். போன ஞாயிறு இருவரும் கோத்தகிரிக் கல்யாணத்துக்குப் போனபோதே அதைப் பார்த்து வைத்திருந்தார். ஆக ஐம்பது இருக்க வேண்டும். மாலையில் வந்து கட்டையை மாட்டும்போது முப்பத்தைந்து. சூடான தண்ணீர் போன இடத்துக்குப் பதினைந்து டிகிரிப் பச்சைத்தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. ஐம்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவே முப்பத்தைந்து படி. அதில் பதினைந்து படி இறங்கியிருக்கிறது. ஏழில் மூன்று பங்கு தண்ணீர் போயிருக்கிறது. எதில் ஏழில் மூன்று பங்கு? அதுதான் தெரிய வேண்டும். லூர்து குளிக்க ஒன்றேகால் வாளி சுடுதண்ணீர் எடுப்பாள், இருபத்தைந்து லிட்டர். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. முப்பது வருடமாகக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் அது. இருபத்தைந்துக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அது அவன். சீ, மகனை லிட்டரில் அளக்கிறேன் என்று ஒரு நிமிடம் கூசியது. மணி பார்த்தார். ஆறு பதினொன்று. உள்ளே காயில் உஸ்ஸென்று முனகியது. டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது, இந்த வீட்டில் எது ஒழுங்காக இருக்கிறது?

"என்னங்க, உள்ள என்னதான் பண்றீங்க?" சமையல்கட்டிலிருந்து லூர்து.

"காயில் பாக்கறேன்."

"காயில்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"சூடு ஏறுதான்னு."

"ஏறலைன்னா அடுப்புல வெச்சுத் தரேன், இறங்கி வாங்க. முக்காலி ஒரு கால் ஆட்டம்."

முக்காலியில் நிற்கிறார் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்தியிருக்கிறது. எட்டிப் பார்த்தாளா? இவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதில் கெட்டிக்காரி. எத்தனை விஷயத்தை அப்படி வைத்திருக்கிறாளோ. தெர்மாமீட்டரை மறுபடி எடுத்தார். முப்பத்தைந்து இருக்கும், அரை டிகிரிக் கோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. நல்ல சாமான். இதைப்போல இப்போது யாரும் செய்வதில்லை. கல்லூரி ஆய்வகத்து மரப்பெட்டியில் பச்சை வெல்வெட்டில் படுத்திருந்தது, அவர் பொறுப்பில், அவர் சாவியில். அதைப் பார்க்கப் பார்க்க நினைப்பு போகக்கூடாத பக்கம் போனது. கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவரில் சோப்புத் தட்டு இருந்தது, தட்டில் தேய்ந்த சோப்பு இருந்தது, எல்லா வழியும் அவனிடத்திலேயே கொண்டுபோய் விட்டது. ஜெரால்டு அப்போது தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற பிரிவில் இருந்தான். அங்கே இருக்கிற மீட்டர் பொய் காட்டுகிறது, ஒரே ஒரு நாள் உன் தெர்மாமீட்டரைத் தாப்பா, வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றான். கல்லூரிச் சாமான் உன் பாட்டன் வீட்டுச் சொத்தா என்று கேட்டார். சரிப்பா என்று போய்விட்டான். அத்தோடு விட்டிருந்தால்? நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் வெல்வெட்டில் பள்ளம் மட்டும் இருந்தது. மறுவாரம் இன்ஸ்பெக்‌ஷன். வேறு யாரை நினைக்க முடியும், வேறு யார் கேட்டார்கள் அதை? பஸ் பிடித்து ஃபேக்டரிக்கே போனார். ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரம். கேட் வாசலில், இருபது பேர் நடுவில், "எடுத்தியாடா?" என்றார். "எதைப்பா?" என்றான். "நடிக்காத" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால். அவன் சட்டைப் பையையும் பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டினான், சின்னப் பையன்கள் காட்டுகிற மாதிரி. இழுத்த பைகள் அப்படியே வெளியே தொங்க, நடந்து போனான். யாரோ சிரித்தார்கள். அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை.

அப்புறம் ஒரு வருடம் கழித்து, போன டிசம்பரில், குளிருக்குப் பெட்டியிலிருந்து பழைய கோட்டை எடுத்துப் போட்டபோது விலாவில் ஏதோ நீளமாக உறுத்தியது. உள்பை கிழிந்து லைனிங்குக்குள் இறங்கியிருந்தது அந்தத் தெர்மாமீட்டர். உடையாமல், கீறல் விழாமல், அவர் உடம்புச் சூட்டில் பாதரசம் மேலேறியபடி. சர்வீஸுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் தானே எடுத்துக் கோட்டுக்குள் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் ரிஜிஸ்டரில் உடைந்தது என்று எழுதி, பிரின்ஸ்பால் கையெழுத்தும் போட்டாயிற்று. கல்லூரிக் கணக்கில் அது உலகத்திலேயே இல்லாத சாமான். வீட்டிலும் இல்லாத சாமான்தான். மடித்த கம்பளிக்கு அடியில் வைத்திருக்கிறார். லூர்துக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள், பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் பயம். அதனால் எதையும் சொல்லாமல், அவள் சொல்லாததை மட்டும் நோண்டிக்கொண்டு, முக்காலியில் நிற்கிறார். வந்துபோகிறவன் அப்பனைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்பானா? "அவர் எப்படி இருக்காரு" என்று கேட்டிருப்பானோ? இவள் என்ன சொல்லியிருப்பாள்? இரண்டு பேரும் சேர்ந்து தன்னை நினைத்துச் சிரிப்பார்களோ? சிரித்தால் சிரிக்கட்டும். சமையல்கட்டில் மிக்ஸி கிர்ர்ரென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. கிழட்டு மாடு மேடு ஏறுகிற மாதிரி. எரிச்சலாக வந்தது. எண்ணுகிற ஆளை எண்ண விடுகிறார்களா?

நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பதரை. கண்ணாடியை மூக்குமேல் ஏற்றிக்கொண்டார். ஐம்பதைத் தொட்டபோது கடிகாரம் ஆறு நாற்பத்தாறும் நாற்பது நொடியும் காட்டியது. இரண்டாயிரத்து எண்ணூறு நொடி. கையைத் துடைத்துக்கொண்டு முக்காலிமேலேயே உட்கார்ந்து, தொடைமேல் நோட்டை வைத்து எழுதினார். மூவாயிரம் பெருக்கல் இரண்டாயிரத்து எண்ணூறு, எண்பத்து நாலு லட்சம் ஜூல். இருபது டிகிரிக்கு லிட்டருக்கு எண்பத்து நாலாயிரம். வகுத்தால் நூறு. மிச்சமில்லாமல் நூறு லிட்டர். இத்தனை அழகாக விடை வந்தால் ஆய்வகத்தில் பாடம் எடுக்கிற சுலோச்சனா மேடம் சந்தேகப்படுவார், யாருடைய நோட்டைப் பார்த்து எழுதினாய் என்பார். நூறில் ஏழில் மூன்று பங்கு, நாற்பத்து மூன்று. அதில் லூர்துக்கு இருபத்தைந்து. மிச்சம் பதினெட்டு. பதினெட்டு! ஒரு வாளிக்குக் கொஞ்சம் குறைவு. அவனேதான். அவன் அவசரக் குளியல்காரன், ஒரு வாளியைக்கூட முழுசாக நிரப்ப மாட்டான், நிரம்புவதற்குள் குழாயை மூடிவிட்டு மொண்டு ஊற்றத் தொடங்கிவிடுவான். பிடித்துவிட்டேன் என்று துள்ளியது மனது. இப்போதே போய் நோட்டை லூர்தின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். யாரு வரப்போறாவா? இதோ பார், பதினெட்டு லிட்டர் வந்திருக்கிறது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கோபம் வரும் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. இந்தத் தரையில்தான் நேற்று நின்றிருக்கிறான். இந்தச் சோப்பைத்தான் தேய்த்திருக்கிறான். தலை துவட்டாமல் ஈரம் சொட்டச் சொட்ட வெளியே போயிருப்பான், லூர்து துண்டோடு பின்னாலேயே ஓடியிருப்பாள். இளைத்திருப்பானா? மேட்டுப்பாளையத்து வெயிலுக்குக் கறுத்திருப்பான். நல்ல சுடுதண்ணீரில் குளிக்கவிடாமல் நேற்று ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனேனே, பதினெட்டு லிட்டர் அவனுக்கு நல்ல சூட்டில் கிடைத்திருக்குமா, அவள் முதலில் குளித்தாளா அவனை முதலில் குளிக்கவைத்தாளா? அவனை முதலில்தான் விட்டிருப்பாள். சந்தோஷமாக இருந்தது ஆரோக்கியநாதனுக்கு. வெட்கமே இல்லாத சந்தோஷம். பேசாமல் இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவே கூடாது. அடுத்த வியாழக்கிழமை தொட்டியைத் தொண்ணூறுவரைகூடச் சூடேற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

"இந்த மிக்ஸியைக் கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்றாள் லூர்து வெளியேயிருந்து. "சட்னி பாதியில நிக்குது. நீங்க ஹீட்டரைப் போட்டதுலயிருந்து கரண்டே இல்ல, இழுக்குது."

"எல்லா வீட்லயும் இந்நேரம் ஹீட்டர் போடுவாங்க, அப்படித்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

வருடாவருடம் முதலாமாண்டுப் பிள்ளைகள் ஹீட்டர்மேல் எழுதியிருக்கிற வாட்டைப் பார்த்து அப்படியே நோட்டில் எழுதுவார்கள். வருடாவருடம் மேடம் சத்தம் போடுவார். மேடம் சத்தம் போடுவதற்கு முன்னால் அட்டெண்டர் ஆரோக்கியநாதன் அந்தப் பக்கமாகப் போய், "தலையில எழுதினதை நம்பாதீங்க கண்ணுங்களா, மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்வார், அந்த ருசிக்காகவே. இருநூற்று முப்பது வோல்ட் வந்தால்தானே மூவாயிரம் வாட்? வோல்ட் குறைந்தால் வாட் அதன் வர்க்கத்துக்குக் குறையும். கால் தரையில் பாவாமல் சமையல்கட்டுக்குப் போனார். ஃபிரிட்ஜுக்குமேல் ஸ்டெபிலைசரில் சிவப்பாக நூற்று எழுபத்தெட்டு வோல்ட் என்று எரிந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். நூற்று எழுபத்தெட்டை நூற்று எழுபத்தெட்டால் பெருக்கி, இருநூற்று முப்பதை இருநூற்று முப்பதால் பெருக்கி, அடுப்பு மேடையில் நோட்டை வைத்து வகுத்தார். நூற்றுக்கு அறுபது. காயில் நொடிக்கு மூவாயிரம் கொடுக்கவில்லை, ஆயிரத்து எண்ணூறுதான் கொடுத்திருக்கிறது. தொட்டி நூறு லிட்டர் இல்லை. அறுபது. அறுபதில் ஏழில் மூன்று பங்கு, இருபத்தைந்தேமுக்கால். லூர்துக்கு இருபத்தைந்து. மிச்சம் முக்கால் லிட்டர். முக்கால் லிட்டரில் யார் குளிப்பார்கள்? நேற்று யாரும் வரவில்லை. எந்த வியாழக்கிழமையும் யாரும் வரவில்லை. ஒருமுறை கூட்டிப் பார்த்தார், மறுபடி கழித்துப் பார்த்தார், எங்காவது ஒரு தப்பு இருந்து அந்தப் பதினெட்டு லிட்டர் திரும்பி வந்துவிடாதா என்று பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவரை உட்காரவைத்தது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு?"

"அந்த நீலத் துண்டு" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "அது ஏன் வியாழக்கிழமையானா ஈரமா இருக்கு?"

லூர்து மிக்ஸி மூடியைத் திறந்தபடியே நின்றாள். "வியாழக்கிழமைதானே குழாய்ல தண்ணி வருது. துவைக்கிறதோட சேத்து அதையும் அலசிப் போடுவேன். சும்மாவே மடிச்சு வெச்சா வீச்சம் அடிக்குது. திடீர்னு வந்து நின்னான்னா துவட்டிக்க வேணாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு இன்னொரு தம்ளரில் தனக்கும் எடுத்துக்கொண்டாள். இரண்டு தம்ளர். அவள் ஒருத்திக்கே இரண்டு தம்ளர் ஆகும், காபிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, முப்பது வருடமாக அப்படித்தான்.

"லூர்து, அந்தத் தெர்மாமீட்டர்..."

"கம்பளிக்கு அடியில இருந்துச்சு" என்றாள். "இப்ப உங்க கழுத்துல தொங்குது."

நூலோடு மாட்டிக்கொண்டதை மறந்தே போயிருந்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"பொங்கலுக்குக் கம்பளியை வெயில்ல போட எடுத்தப்ப."

"அவன்கிட்ட சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? ஃபோன் பண்றப்பல்லாம் கடைசியா ஒண்ணு கேப்பான், அப்பா ஏதாவது சொன்னாரான்னு. இல்லடான்னுவேன். வெச்சிடுவான்." கையை முந்தானையில் துடைத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா தொட்டியை நோண்டிட்டு இருக்கீங்க."

குளியலறையில் காயில் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று நினைத்தார், எழுந்திருக்கவில்லை. பென்சிலை எடுத்து, இருபத்தைந்தேமுக்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"அவன் நம்பர் சொல்லு. நான் எப்பவோ அழிச்சிட்டேன்."

அவள் ஃபோனைத் தேடவில்லை. மனப்பாடமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் ஒவ்வொன்றாக எழுதினார். ஒன்பது எண் ஆனதும் நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு" என்றார்.

"என்ன சொல்லப்போறீங்க அவன்கிட்ட? அதை முதல்ல என்கிட்ட சொல்லுங்க."

ஆரோக்கியநாதன் கழுத்திலிருந்து நூலைக் கழற்றித் தெர்மாமீட்டரை மேடைமேல் வைத்தார். அது உருண்டு போகாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் எடுத்தேன்னு."

லூர்து கடைசி எண்ணைச் சொன்னாள்.